புது எடிட்டரை அறிமுகப்படுத்தும் முன் யாரிடமெல்லாம் கையெழுத்து வாங்க வேண்டும்?

மதுரையில் எட்டுப் பேரை வைத்து வீடியோ தயாரிப்பு நிறுவனம் நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா என்று தொடங்கி இப்போது ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம் வரை வந்திருக்கிறார்கள். புதிதாக மூன்று பேர் சேருகிறார்கள். ஒருவர் எடிட்டர், ஊரிலேயே இன்னொரு ஸ்டூடியோவில் நான்கு வருடம் இருந்துவிட்டு வருகிறார். இரண்டாமவர் விஷுவல் கம்யூனிகேஷன் முடித்த பெண், கேமரா பக்கம். மூன்றாமவர் திண்டுக்கல்லில் தன் வீட்டிலிருந்தே மோஷன் கிராபிக்ஸ் (அசையும் எழுத்து, உருவங்கள்) செய்து அனுப்புகிறவர். மாதச் சம்பளம் கிடையாது, வேலைக்கு இவ்வளவு என்று பேச்சு.

மூவரையும் அறிமுகப்படுத்த ஒன்றரை நிமிட வீடியோ தயார். அதில் எடிட்டரின் பழைய வேலைகளிலிருந்து எட்டு கிளிப், ஒரு பெரிய ஜவுளிக்கடையின் லோகோ, அந்தப் பெண்ணுக்கு ‘மதுரையின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்’ என்று ஒரு பட்டம், பின்னணியில் சினிமாப் பாட்டு. டீசர் வெளியான அன்றே பழைய ஸ்டூடியோக்காரர் போன் செய்துவிட்டார்: “தம்பி, அது என் வீடியோ. அவன் ரெண்டு வருஷம் மதுரைக்குள்ள வேற எங்கயும் வேலை பார்க்க மாட்டேன்னு எனக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கான். ஹைகோர்ட்ல பார்த்துக்கலாம்.”

வாசகர் கேட்பவை: கிளிப்களைப் போடலாமா? எடிட்டரை விட்டுவிட வேண்டுமா? தானும் இதே மாதிரி பத்திரம் எழுதி, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? பெயர் போட்டு அறிமுகம் செய்தால் நாளைக்கே வேறு ஸ்டூடியோ கொத்திக்கொண்டு போய்விடாதா?

அன்புள்ள வாசகருக்கு,

அறிமுகத்தை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். போனுக்குப் பயந்து அல்ல. மூன்று பேரில் ஒருவரிடமும் நீங்கள் இன்னும் ஒரு காகிதம்கூட எழுதி வாங்கவில்லை என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் போனைவிட இதுதான் கவலையாக இருக்கிறது.

எட்டு கிளிப்பும் யாருக்குச் சொந்தம்?

எடிட் செய்தவர் அவர், அவர் இப்போது நம் ஆள், ஆகவே நம் பக்கத்தில் போடலாம் என்பது உங்கள் கணக்கு. என் ஸ்டூடியோவில் செய்த வேலை, ஆகவே என்னுடையது என்பது பழைய ஸ்டூடியோக்காரர் கணக்கு. பெரும்பாலான கிளிப்களுக்கு இரண்டு கணக்குமே தப்பு.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆவது பிரிவைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கோ திரைப்படத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுப் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண வீடியோவும் சட்டத்தின் கண்ணில் திரைப்படம்தான். அப்படியானால் உங்கள் எட்டு கிளிப்பில் ஆறு, அட்வான்ஸ் கொடுத்து புக் செய்த குடும்பங்களுக்குச் சொந்தம். மீதி இரண்டு விளம்பரம், கடைக்காரர்களுக்குச் சொந்தம். பழைய ஸ்டூடியோ தன் ஆர்டர் படிவத்தில் ‘உரிமை எங்களுக்கே’ என்று எழுதிப் பார்ட்டியிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டுமே அது ஸ்டூடியோவுக்குப் போகும். எடிட்டருக்கு எந்த வழியிலும் வராது. அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை அது. மேலும், படத்துக்கு ‘ஆசிரியர்’ என்று சட்டம் சொல்வது தயாரிப்பாளரைத்தான், எடிட்டரையோ கேமராமேனையோ அல்ல.

இதைப் படிக்கும்போதே உங்கள் சொந்தப் பக்கத்தில் இருக்கும் கல்யாண ரீல்ஸ் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதே சட்டம் உங்களுக்கும்தான். அடுத்த ஆர்டர் படிவத்திலேயே ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்: எடுத்த காட்சிகளிலிருந்து இத்தனை வினாடிக்கு மிகாமல் எங்கள் வேலை மாதிரியாக இணையத்தில் காட்டச் சம்மதம் / சம்மதம் இல்லை, குழந்தைகள் முகம் வரலாம் / வேண்டாம், பின்னால் எடுக்கச் சொன்னால் இரண்டு நாளில் எடுத்துவிடுவோம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணம் முறிந்துபோய், ‘அந்த ரீலை எடுங்கள்’ என்று கேட்டு வருகிறவரிடம் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

அந்த எட்டு கிளிப்பையும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒன்றிரண்டு இருந்தே ஆக வேண்டும் என்றால், புக் செய்த குடும்பத்திடமிருந்து வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் பெறுங்கள். பழைய ஸ்டூடியோ தன் படிவத்தைக் காட்டினால் அவர்களிடமும் கேட்டாக வேண்டும். ஜவுளிக்கடை லோகோவும் வேண்டாம். அந்தக் கடை உங்கள் வாடிக்கையாளர் என்று பார்க்கிறவர் நினைப்பார், அது உண்மை இல்லை. சினிமாப் பாட்டையும் எடுத்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் பாட்டை ஒலிக்கவிடுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதை நிறுவன விளம்பரத்தில் ஒட்டிப் பதிவேற்றுவதற்கு இல்லை. டீசரின் முதல் ஷாட் ட்ரோன் என்று எழுதியிருக்கிறீர்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட, ஓட்டுபவரிடம் 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். எடை குறைவு என்றாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் அனுமதியில்லாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பழையவர் வாங்கிய பத்திரமும் நீங்கள் வாங்க நினைப்பதும்

வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் அதே ஊரில் அதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும், முத்திரைத்தாளில் இருந்தாலும் செல்லாது. ஆகவே எடிட்டரை நீங்கள் விட வேண்டியதில்லை.

ஆனால் அவர் கையில் என்ன கொண்டு வருகிறார் என்று பாருங்கள். நான்கு வருட ரா ஃபுட்டேஜ், ப்ராஜெக்ட் ஃபைல், பழைய ஸ்டூடியோ செய்து வைத்த டெம்ப்ளேட், கலர் செட்டிங், பார்ட்டிகளின் போன் நம்பர் பட்டியல் எல்லாம் ஒரு ஹார்டிஸ்கில் வந்தால், பழையவருக்கு அதுவரை இல்லாத வழக்கு ஒன்று கிடைத்துவிடும். அனுமதியில்லாமல் தரவை நகல் எடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இருக்கிறது. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது குற்றமும்கூட. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின் கீழ் வரும் குற்றத்தில் வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. சேரும் நாளில் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: பழைய இடத்துக் கோப்பு எதையும் கொண்டுவரவில்லை, நிறுவனக் கணினியில் ஏற்ற மாட்டேன். அவருக்கு நிறுவனக் கணினியையே கொடுங்கள், சொந்த லேப்டாப் வேண்டாம். கூடவே, உங்கள் கணினிகளில் இருக்கும் எடிட்டிங் மென்பொருள் ‘கிராக்’ போட்டதா (திருட்டு நகலா) என்பதையும் பார்த்துவிடுங்கள். தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடச் சிறை என்று தனிப் பிரிவே உண்டு. கோபத்தில் இருக்கும் ஒரு போட்டியாளர் முதலில் புகார் கொடுக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

பழைய ஸ்டூடியோக்காரர் மறுபடி கூப்பிட்டால் போனில் வாக்குவாதம் வேண்டாம். “எந்த வீடியோ, எந்த ஆர்டர், உங்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்த படிவம் எது என்று எழுத்தில் அனுப்புங்கள் அண்ணே, பார்த்துப் பதில் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். டீசரை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். இறக்குவது தப்பை ஒப்புக்கொள்வது ஆகாது. நேராக ஹைகோர்ட் என்பதும் வெறும் பேச்சுதான். பதிப்புரிமை வழக்கை மதுரையில் மாவட்ட நீதிமன்ற அளவில்தான் தொடங்க வேண்டும். மிரட்டலுக்கு ஆதாரமே இல்லை என்றால், அதைத் தடுக்கச் சொல்லி நீங்களே வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இடம் தருகிறது. இப்போதைக்கு அது தேவைப்படாது.

இனி உங்கள் பத்திரம். அவர் எழுதியதை அப்படியே நகல் எடுத்து, மூன்று வருடம் என்று கூட்டி எழுதியிருக்கிறீர்கள். செல்லாத நிபந்தனையைக் கூட்டினால் செல்லுபடியாகிவிடாது. அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல. தேதி போடாத செக்கும் வேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானது. அதற்கு வழியும் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது வெளி வேலை எடுக்கக் கூடாது என்று எழுதலாம், அது செல்லும். வாடிக்கையாளர் பட்டியலும் விலை விவரமும் ரகசியம் என்று எழுதலாம். முன்னறிவிப்பு ஒரு மாதம் வைக்கலாம். முகூர்த்தம் குவியும் மாதங்களில் கையில் இருக்கும் வேலையை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும், ஒப்படைப்பு என்றால் ப்ராஜெக்ட் ஃபைல், ஃபான்ட், ஒலிக் கோப்பு, ஹார்டிஸ்க் இரண்டு பிரதி என்று விவரமாக எழுதலாம். குறைந்தபட்ச காலம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்டும் எப்போதுமே செல்லாதது அல்ல. ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பல கட்டத் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் வங்கி அது. உங்கள் இடத்தில் உண்மையான செலவைக் காட்ட முடிய வேண்டும். அந்தப் பெண்ணை உங்கள் செலவில் ட்ரோன் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ரசீதை வைத்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் விலகினால் மீதி மாதங்களுக்கு உரிய பங்கைத் திருப்ப வேண்டும் என்று எழுதுங்கள். ஒன்றுமே செலவழிக்காமல் ‘2 லட்சம்’ என்று எழுதினால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் அடிபடும். நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது.

விலகுகிறவரின் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். நியமனக் கடிதமும் கட்டாயமாகிவிட்டது.

திண்டுக்கல்காரருக்கு வேறு காகிதம்

சம்பளத்துக்கு இருப்பவர் வேலை நேரத்தில் செய்வது, மாறாக எழுதிக்கொள்ளாதவரை, நிறுவனத்துக்குச் சேரும். எடிட்டருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நியமனக் கடிதத்தில் இரண்டு வரி போதும். திண்டுக்கல்காரர் உங்கள் ஊழியர் அல்லர். பணம் கொடுத்துவிட்டோமே, அப்புறம் என்ன என்கிறீர்கள். முழு வீடியோவாகச் செய்து கொடுத்தால் ஒருவேளை உங்கள் பக்கம் வாதம் இருக்கலாம். அவர் வரைந்த லோகோ, பாத்திரம், எழுத்து வடிவம் ஆகியவை எழுதிக் கொடுக்காதவரை அவருடையவை. அவர் வரைந்த ஒரு யானை உருவத்தை நகைக்கடை பையிலும் போர்டிலும் போட்ட பிறகு இது தெரியவந்தால் கடைக்காரர் உங்களைத்தான் கேட்பார்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு தொகை என்று குறிப்பிட வேண்டும். பலரும் கோட்டை விடுவது மூன்று இடங்களில். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓடும் விளம்பரத்துக்கு அது போதாது. மாற்றிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். அப்படி ஆகாது என்று தனியாக எழுத வேண்டும். திருத்தக்கூடிய மூலக் கோப்பும் தர வேண்டும், கடைசித் தவணைப் பணம் அது வந்த பிறகு என்று வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பில்லோடு இந்த ஒரு பக்கம் வரட்டும்.

அவரை ‘எங்கள் புதிய பணியாளர்’ என்று அறிமுகம் செய்யாதீர்கள். ‘எங்களுடன் இணைந்து பணியாற்றும் மோஷன் கிராபிக்ஸ் கலைஞர்’ என்றால் போதும். காகிதத்தில் ஒன்றும் இன்ஸ்டாகிராமில் ஒன்றுமாக இருந்தால், பின்னால் தகராறு வரும்போது அந்தப் பதிவைத்தான் அச்செடுத்துக் கொண்டு வருவார்கள்.

பத்தாவது ஆள்

நீங்கள் கேட்காதது இது. எட்டுப் பேர் இருந்த இடத்தில் சம்பளத்துக்கு இரண்டு பேர் சேர்ந்தால் பத்து. பத்து ஆனதும் சில சட்டக் கடமைகள் வந்து சேருகின்றன. ஈ.எஸ்.ஐ. பதிவு செய்ய வேண்டும்; மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம். இரவு இரண்டு மணிக்கு டூ வீலரில் வீடு திரும்பும் ஆட்களை வைத்திருக்கிறவருக்கு இது சுமை அல்ல, காப்பு. பி.எஃப். இருபது பேரில்தான் வரும்.

இன்னொன்று, 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு. தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். உங்களிடம் மூத்த நிலையில் பெண் இல்லையென்றால் வேறு நிறுவனத்திலிருந்து அழைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். கல்யாண மண்டபமும், நீங்கள் ஏற்பாடு செய்யும் வேனும் அந்தக் கேமராப் பெண்ணுக்குப் பணியிடம்தான். விடிகாலை நாலரை மணி முகூர்த்தத்துக்கு அவரைத் தனியாக வரச் சொல்லாமல் வண்டி அனுப்புவது, மண்டபத்தில் உடை மாற்ற, பையை வைக்கப் பூட்டுள்ள அறை கேட்டு வாங்குவது, குடித்துவிட்டு வரும் பார்ட்டி ஆட்களிடம் யார் பேசுவது என்று முதலிலேயே முடிவு செய்வது, இவையும் நியமனத்தோடு சேர்ந்தவை.

‘மதுரையின் முதல்’ என்ற பட்டத்தை எடுத்துவிடுங்கள். உங்களால் நிரூபிக்க முடியாது. ஊரில் கேமரா பிடிக்கும் பெண்கள் பலர் கோபத்தோடு கமெண்ட் போடுவார்கள், அதை வாங்கிக்கட்டிக்கொள்வது நீங்கள் அல்ல, அவர். அவருடைய சொந்த ஐ.டி.யை டேக் செய்யலாமா, படம் எது என்று அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அறிமுகத்தில் என்ன போடலாம்?

பெயர் போடுங்கள். எடிட்டர் பெயரை ஒளித்து வைத்து ஒருவரும் எடிட்டரைத் தக்கவைத்ததில்லை. டைட்டிலில் பெயர் வேண்டும் என்று கேட்க எடிட்டருக்குப் பதிப்புரிமைச் சட்டம் நேரடியாக உரிமை தரவில்லை. அதனால்தான் நீங்களாகவே நியமனக் கடிதத்தில் எழுதிக் கொடுப்பதற்கு மதிப்பு. எந்த மாதிரி வேலைகளில் பெயர் வரும், விலகிய பிறகு எந்த வேலைகளைத் தன் ஷோரீலில் (வேலை மாதிரி வீடியோவில்) காட்டலாம் என்று எழுதுங்கள். நீங்கள் இன்று அவருடைய பழைய இடத்தில் படும் அவஸ்தையை நாளைக்கு அவர் உங்கள் இடத்தில் பட வேண்டாம்.

பொறுப்பைச் சொல்லும் வார்த்தையில் கறாராக இருங்கள். உதவி எடிட்டராக இருந்த விளம்பரத்துக்கு ‘எடிட்டிங்’ என்று போடக் கூடாது. அவர் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் டைட்டில் கார்டு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள், இல்லாததை விட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு:

“எங்கள் எடிட்டிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறார் _____. நான்கு ஆண்டுகளாகத் திருமணப் படங்களும் விளம்பரப் படங்களும் எடிட் செய்து வருகிறார். இனி எங்கள் விளம்பரப் படங்களின் எடிட்டிங்கும் கலர் கிரேடிங்கும் இவர் பொறுப்பு.”

பழைய ஸ்டூடியோவின் பெயர் இதில் தேவையே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எட்டு கிளிப்பை எடுத்துவிட்டால் வீடியோவில் என்ன காட்டுவது? மூன்று பேரையும் சேர்த்து ஒரு நாள் வேலை கொடுங்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலை ஐந்து மணி. மல்லிகை மூட்டை இறங்குவது, தராசு, பூ அள்ளும் கை. அந்தப் பெண் எடுக்கட்டும், எடிட்டர் 40 வினாடிக்கு வெட்டட்டும், எழுத்தும் தலைப்பும் திண்டுக்கல்லிலிருந்து வரட்டும். மார்க்கெட் அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள், முகம் பெரிதாக வரும் வியாபாரிகளிடம் அங்கேயே சம்மதம் வாங்குங்கள். பாட்டு வேண்டாம், மார்க்கெட் இரைச்சலே போதும். அதன் ஒவ்வொரு ஃபிரேமும் உங்களுடையதாக இருக்கும், திண்டுக்கல்காரர் உரிமை மாற்றும் அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால். அது கைக்கு வந்த பிறகு பதிவேற்றுங்கள்.